கல்யாணக் கேக் வீடு

கட்டடங்களைப் பற்றி எழுத எனக்கு எந்தவிதமான யோக்கியதையும் கிடையாது. காலேஜில் நான் கழித்தது இரண்டே வருஷம். சுவரில் விரிசல் கண்டால் கொத்தனாரைக் கூப்பிடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கதை எழுதுகிறவன் தினம் தினம் வீடு கட்டிக்கொண்டுதான் இருக்கிறான். ஒரு பெண் அழ வேண்டுமென்றால் அவளுக்கு ஓர் அறை வேண்டும். அந்த அறைக்குக் கதவு உண்டா, தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று தெரியாமல் நாலு வரி மேலே எழுத முடியாது. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் துணையாக வைத்துக்கொண்டு, நான் நேரில் பார்த்திராத ஒரு வீட்டைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவில் பல வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர், ஒரு கட்டுப் புகைப்படங்களை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். மலைகள், பாலங்கள், பனி மூடிய கார்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு வெள்ளை மாளிகை. தூண்களும் மாடமும் அடுக்கடுக்கான வேலைப்பாடுமாக, யாரோ சர்க்கரைப் பாகைப் பிழிந்து செய்தது போல் நின்றது. பின்புறத்தில் நண்பர் எழுதியிருந்தார்: ‘ஏதென்ஸ், ஜார்ஜியா. கல்யாணக் கேக் வீடு. உள்ளே காலேஜ் பெண்கள் குடியிருக்கிறார்கள்.’

அந்த ஊர்ப் பெயரே ஒரு விமரிசனத்துக்குப் போதும். ஜார்ஜியா சர்வகலாசாலைக்கு 1785-ல் சாசனம் கிடைத்தது. 1801-ல் ஜான் மில்லெட்ஜ் என்பவர் 633 ஏக்கர் நிலம் வாங்கிக் கொடுத்தார். வித்தை விளங்கப் போகிற இடம் என்பதால் கிரேக்க நகரத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பெயரைத் தொடர்ந்து தூண்களும் வந்தன. பருத்தியில் பணம் சேர்த்தவர்கள், அடிமைகளின் உழைப்பில், கிரேக்கக் கோயில்களைப் போன்ற வீடுகளை எழுப்பினார்கள். 1840-களில் கட்டிய டெய்லர் - கிரேடி மாளிகைக்கு 13 தூண்கள். ஆதியில் ஒன்றுசேர்ந்த 13 மாநிலங்களை அவை குறிப்பதாகச் சொல்வார்கள். நிலம் கொடுத்தவர் பெயரால் மில்லெட்ஜ் அவென்யூ என்று ஒரு வீதி இருக்கிறது. அந்த வீதியில்தான் நம் கல்யாணக் கேக்கும் இருக்கிறது. இன்று அந்த வீதியின் பழைய மாளிகைகள் பலவற்றில் காலேஜ் சங்கங்கள்தாம் வாசம் செய்கின்றன. கிரேக்கப் பெயருள்ள ஊரில், கிரேக்கத் தூண்களுக்குப் பின்னால், கிரேக்க எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட சங்கங்கள். பழைய ஏதென்ஸில் பெண்களுக்குச் சபையில் பேசும் உரிமை இருந்ததில்லை என்பதை யாராவது அந்தப் பெண்களிடம் சொல்லியிருப்பார்களோ, தெரியாது.

இந்தப் பெண்கள் சங்கத்துக்கு ‘ஸொராரிட்டி’ என்று பெயர். சகோதரிக் கூட்டம் என்று பொருள் கொள்ளலாம். பணக்காரப் பெண்களின் பொழுதுபோக்கு என்று நான் அதைப் பற்றி அலட்சியமாகத்தான் நினைத்திருந்தேன். அதன் பூர்வ கதையைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதற்கென்றே 1836-ல் சாசனம் பெற்ற காலேஜ், இதே ஜார்ஜியாவில் மேக்கன் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே 1851-லும் 1852-லும் இரண்டு பெண்கள் சங்கங்கள் தோன்றின. பின்னால் கிரேக்க எழுத்துப் பெயர் பூண்டு இன்றுவரை நடக்கிற இரண்டு ஸொராரிட்டிகளுக்கு அவையே வித்து. 1867-ல் இல்லினாய் மாநிலத்து மன்மத் காலேஜைச் சேர்ந்த 12 பெண்கள் ஒரு சங்கம் கூட்டினார்கள். கூடிய இடம், அவர்களில் இருவர் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறை. இந்தியானாவில் 1870-ல் நடந்த சம்பவம் ஒன்றையும் சொல்வார்கள். ஆண்கள் சங்கம் ஒன்று பெட்டி லாக் என்ற மாணவியிடம், எங்கள் சின்னத்தை நீ அணிந்துகொள் என்று கேட்டதாம். அங்கத்தினளாகச் சேர்த்துக்கொண்டால் அணிகிறேன் என்றாளாம் அவள். அவர்கள் சேர்க்கவில்லை; அதற்குப் பதிலாக, கேக் வைக்கிற வெள்ளிக் கூடை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவள் கூடையை வாங்கிக்கொண்டு, மூன்று தோழிகளோடு சேர்ந்து தனிச் சங்கமே ஆரம்பித்துவிட்டாள். கப்பா ஆல்ஃபா தீட்டா என்று அதற்குப் பெயர்.

நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் சர்வகலாசாலை ஆரம்பம் முதலே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. வகுப்பில் இடம் கிடைத்தது, தங்க இடம்? 1872-ல் அங்கே தோன்றிய ஆல்ஃபா ஃபை சங்கம், 1886-ல் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டது. பெண்கள் சங்கம் ஒன்று சொந்தமாகக் கட்டிய முதல் வீடு அது என்கிறார்கள். அந்த வருஷத்தில் அமெரிக்கப் பெண்ணுக்கு நாடு முழுவதற்குமான வாக்குரிமை இல்லை. அது வர இன்னும் 34 வருஷம் இருந்தது. வாக்கில்லாத சில மாணவிகள் மனை வாங்கி, பணம் திரட்டி, கொத்தனாரோடு பேசி, தங்கள் தலைக்கு மேல் தங்கள் கூரை என்று ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள். அந்த வீடு எப்படி இருந்தால் என்ன? எனக்கு அதைவிட அழகான வீடு இந்தக் கதையில் இல்லை.

கல்யாணக் கேக் வீட்டில் இருப்பது ஆல்ஃபா காமா டெல்டா என்ற சங்கம். இதுவும் சிரக்யூஸில் பிறந்ததுதான். 1904-ல் 11 மாணவிகள் தொடங்கியது. ஜார்ஜியா சர்வகலாசாலை பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1918-ல். அதன் பிறகு சங்கம் தெற்கே வந்தது. மில்லெட்ஜ் அவென்யூ மாளிகை அதன் கைக்கு வந்தது 1939-ல். ஆகவே இந்த வீடு மாணவிகளுக்காகக் கட்டியதல்ல. வில்லியம் வின்ஸ்டட் தாமஸ் என்பவர் தம் குடும்பத்துக்காகக் கட்டியது. அவர் கையிலிருந்து ஜேம்ஸ் கேரிதர்ஸ் என்பவர் குடும்பத்துக்குப் போயிற்று. அவர்களுக்குப் பிறகு சங்கம்.

கட்டிய வீடு வேறு, வாங்கிய வீடு வேறு. கட்டுகிறவன் தன் ஆசையைக் கட்டுகிறான். வாங்குகிறவன் இன்னொருவன் ஆசைக்குள் குடிபோகிறான். தாமஸின் ஆசை என்ன என்பது முகப்பிலேயே தெரிகிறது. பாரிஸ் பாணி என்று வல்லுநர்கள் இதற்குப் பெயர் சொல்வார்கள்: தூண், தூணுக்கு மேல் வேலைப்பாடு, அதற்கும் மேல் கைப்பிடிச் சுவர். வெற்றிடம் ஒன்று தென்பட்டால் அதில் ஒரு மாலையைத் தொங்கவிடு என்பது அந்தப் பாணியின் சித்தாந்தம். பணம் வந்தவன் பணம் வந்துவிட்டது என்று சத்தம் போட்டுச் சொல்வது இது. சத்தம் என்றாலும் அபஸ்வரம் என்று சொல்ல மாட்டேன். வெயிலில் அந்த வெண்மை கண்ணுக்குச் சுகமாகத்தான் இருக்கும். சிரிக்கத் தெரிந்த வீடு. ஊரார் அதற்குக் கேக் என்று பெயர் வைத்ததில் கேலி பாதி, பிரியம் பாதி.

1939 என்ற வருஷத்தையும் கவனிக்க வேண்டும். அந்த டிசம்பரில்தான் அதே மாநிலத்து அட்லாண்டாவில் ‘கான் வித் தி விண்ட்’ படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. மார்கரெட் மிட்செல் தம் நாவலில் டாரா என்ற வீட்டை அலங்காரமில்லாத, ஒழுங்கற்றுப் பரந்த பண்ணை வீடாகத்தான் படைத்திருந்தார். சினிமாக்காரர்கள் அதற்குத் தூண்களை நிறுத்தினார்கள். தூணில்லாத தெற்கத்தி வீட்டை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? அந்தப் படத்தில் நடித்து ஆஸ்கார் பரிசு பெற்ற ஹாட்டி மெக்டானியல் கறுப்பினத்தவர் என்பதால், அட்லாண்டாவின் முதல் காட்சிக்கு வர முடியவில்லை. தூண்கள் வாசலில் நிற்கின்றன. அந்த வாசலில் யார் நுழையலாம் என்பது வேறு இடத்தில் தீர்மானமாகிறது. நம் வீட்டின் கதையும் இதுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு குடும்பம் இருந்த மாளிகையில் ஒரு மந்தைப் பெண்கள் இருக்க வேண்டுமானால் என்ன ஆகும்? பின்பக்கம் வளரும், முன்பக்கம் அப்படியே இருக்கும். இத்தகைய வீடுகளின் பொதுவான அமைப்பு இதுதான். முன் வரவேற்பறையில் பட்டு மெத்தை, பியானோ, பூச்சாடி. அங்கே யாரும் காலை நீட்டி உட்கார முடியாது. நம் ஊர்த் திண்ணையில் வழிப்போக்கன் படுத்துத் தூங்கலாம்; அந்த வரவேற்பறையில் வீட்டுக்குச் சொந்தக்காரியே தூங்கக்கூடாது. மாடியில் நெருக்கியடித்த அறைகள். வடக்கு மாநிலங்களில் இன்னும் வேடிக்கை. அங்கே பல சங்க வீடுகளில் படிக்கவும் துணி வைக்கவும் சிறு அறைகள். தூங்குவதற்கு மட்டும் மேல்தளத்தில் ஒரு நீண்ட கூடம். வரிசையாக அடுக்குக் கட்டில்கள். பனி கொட்டுகிற காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள். க்ஷயரோகத்துக்குச் சுத்தமான காற்றே மருந்து என்று நம்பிய காலத்தின் மிச்சம். கீழே ராஜாங்கம், மேலே ராணுவக் கொட்டகை. எது விருந்தாளிக்கு, எது சொந்தக்காரிக்கு என்று பார்த்தாலே அந்த வீடு யாருக்காக உயிர் வாழ்கிறது என்பது விளங்கிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பட்ட விஷயம் ஒன்று உண்டு. தேசிய அளவில் ஒன்றுபட்ட பெண்கள் சங்கங்கள், தங்கள் வீடுகளில் மது கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. விதி நல்லதுதான். ஆனால் ஆண்கள் சங்க வீடுகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. விளைவு, இரவு விருந்து எப்போதும் ஆண்கள் வீட்டில். கதவு அவர்களுடையது, விளக்கு அவர்களுடையது, கோப்பையில் ஊற்றுவதும் அவர்கள். இத்தனை பெரிய வீடு வைத்திருக்கிற பெண், சனிக்கிழமை இரவானால் இன்னொருத்தன் வீட்டில் விருந்தாளி. அதில் உள்ள ஆபத்து எழுதித் தெரிய வேண்டியதல்ல. வடக்கே டார்ட்மத் காலேஜில் ஒரு கிளை, 1988-ல் தன் தேசியச் சங்கத்தை விட்டு விலகி, சிக்மா டெல்டா என்ற தனிச் சங்கமாகித் தன் வீட்டிலேயே விருந்து நடத்தத் துணிந்தது. அவர்கள் அறிந்துதான் செய்தார்கள் என்று நினைக்கிறேன்: வீடு என்பது தூணில் இல்லை, விருந்தாளியைப் பார்த்து நேரமாயிற்று, போய் வாருங்கள் என்று சொல்ல முடிவதில் இருக்கிறது.

மில்லெட்ஜ் அவென்யூவுக்குத் திரும்புவோம். பழைய மாளிகை என்றால் பேய் இல்லாமல் இருக்குமா? இங்கே உலவுவது ஒரு மணப்பெண். கேரிதர்ஸின் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வரவில்லை, அவமானம் தாங்காமல் அவள் பரண் அறையில் தூக்கிட்டுக்கொண்டாள், மாப்பிள்ளை பிறகு ஓடிவந்தான், வழியில் தாமதம் என்றான். இதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. அதைவிட ருசிகரமானது கதையின் வால். இந்த வீட்டில் ஒரு குறிப்பிட்ட அறை உண்டாம். அதில் குடியிருக்கிற மாணவிக்குச் சீக்கிரமே கல்யாணம் நிச்சயமாகிவிடுமாம். பேய் தனக்குக் கிடைக்காததை மற்றவர்களுக்கு வாங்கித் தருகிறதாம்.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். என்னால் போக முடியவில்லை. கதைத் தொழில் செய்கிறவனுக்கு இது ஒரு பாடம். ஒரு வீட்டுக்குக் கல்யாணக் கேக் என்று பெயர் வைத்து, அதில் பதினெட்டு, இருபது வயசுப் பெண்களைக் குடிவைத்தால், அங்கே வேறு என்ன கதை முளைக்கும்? இந்த அறையில் இருந்தவள் கணக்கில் முதல் வகுப்பில் தேறுவாள் என்று ஒரு பேய்க்கதை ஏன் பிறக்கவில்லை? மன்மத்தின் வாடகை அறையில் அப்படி ஒரு பேய் உலவியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும். முகப்பு கதையைத் தீர்மானித்துவிட்டது. தாமஸ் தம் சந்தோஷத்துக்காகக் கட்டிய அலங்காரம், அவரை அறியாமலே, பின்னால் வந்த பெண்களுக்கு ஒரே ஒரு முடிவைத்தான் எழுதி வைத்திருந்தது. கட்டடத்தின் மேல் எனக்குள்ள முதல் குறை இது. கேக் அழகுதான், கேக்குக்குள் யாரும் படிக்க முடியாது.

வேறு விதமாகவும் கட்டியிருக்க முடியுமா? முடிந்திருக்கிறது. ஜூலியா மார்கன் என்ற பெண்மணி பெர்க்லியில் படிக்கும்போது, கேக் கூடை வாங்கிய பெட்டி லாக்கின் சங்கத்தில்தான் சேர்ந்தார். 1898-ல் பாரிஸின் புகழ்பெற்ற கலைப் பள்ளியில் கட்டடக் கலை படிக்க இடம் பெற்ற முதல் பெண் அவர். 1904-ல் கலிபோர்னியாவில் கட்டடக் கலைஞராக உரிமம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. 1908-ல் பெர்க்லியில் தம் சங்கத்துக்கு அவரே வீடு அமைத்துக் கொடுத்தார். பிற்காலத்தில் உழைக்கும் பெண்களுக்கான விடுதிகள் பலவற்றைக் கட்டினார். அவற்றில் ஒன்றுக்கு, பெண்கள் தங்கள் சிநேகிதர்களைக் கூப்பிட்டுச் சமைத்துப் போடச் சின்னஞ்சிறு சாப்பாட்டு அறைகள் வேண்டும் என்றாராம். சொற்பச் சம்பளக்காரிகளுக்கு இத்தனை சௌகரியம் எதற்கு என்று நிர்வாகிகள் கேட்டார்களாம். அதனாலேதான் என்றாராம் அவர். முகப்பிலிருந்து தொடங்காமல், உள்ளே இருக்கப் போகிறவளின் ஒரு மாலைப் பொழுதிலிருந்து தொடங்கியவர் அவர். பாரிஸ் பாணி அவரும் படித்ததுதான். அந்தப் பாணியில் குற்றமில்லை. அதை எங்கே வைப்பது என்பதில்தான் இருக்கிறது. 1957-ல் அவர் காலமானார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களின் தங்கப் பதக்கம் 2014-ல்தான், இறந்து 57 வருஷம் கழித்து, அவருக்குக் கிடைத்தது. அந்தப் பதக்கம் பெற்ற முதல் பெண் அவர்.

இனி வாசலைப் பற்றி. தெற்கத்தி சங்கங்களில் புதிய அங்கத்தினர்களைச் சேர்க்கும் வாரம் ஒரு திருவிழா. கதவு படாரென்று திறக்கும். நிலைப்படியில் அடியிலிருந்து உச்சிவரை பெண்களின் முகமாக அடுக்கி நின்று கைதட்டிப் பாடுவார்கள். வெளியே வரிசையில் புதுப் பெண்கள். தூணும் படிக்கட்டும் அப்போதுதான் தங்கள் முழு அர்த்தத்தைப் பெறுகின்றன. அது வாசல் இல்லை, மேடை. பாட்டு முடிந்து எல்லாரும் போன பிறகு, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, யார் வேண்டும், யார் வேண்டாம் என்று தீர்மானம் செய்வார்கள். அந்த அறையைப் புகைப்படம் எடுப்பவர் இல்லை.

1961 ஜனவரியில் ஜார்ஜியா சர்வகலாசாலைக்கு முதல் கறுப்பின மாணவர்கள் இருவர் வந்தார்கள்: சார்லைன் ஹன்டர், ஹாமில்டன் ஹோம்ஸ். ஹன்டருக்கு விடுதியில் தரைத்தளத்தில் தனி அறை. மற்றப் பெண்கள் எல்லாரும் மாடியில். ஜனவரி 11 இரவு ஒரு கூட்டம் விடுதியைச் சூழ்ந்துகொண்டு ஜன்னலில் கல்லெறிந்தது. வெள்ளைத் தூண் வீதிகளிலிருந்து அந்த ஜன்னல் அதிக தூரமில்லை. அதற்கு 39 வருஷம் கழித்து, 2000-ல், கல்யாணக் கேக் வீட்டுச் சங்கத்தின் மீதே ஒரு புகார் வந்தது. ஒரு கறுப்பினப் பெண்ணை அவள் நிறத்துக்காகவே சேர்க்கவில்லை என்பது புகார். கிளையைச் சில காலம் நிறுத்தி வைத்தார்கள். 2013-ல் பக்கத்து அலபாமா சர்வகலாசாலையில் மாணவர் பத்திரிகை ஒன்று, அங்குள்ள வெள்ளைச் சங்கங்கள் பலவற்றின் கதையை அம்பலமாக்கியது. மாணவர்கள் ஊர்வலம் போன பிறகே கதவுகள் திறந்தன. அந்தச் சர்வகலாசாலை கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு அப்போது சரியாக 50 வருஷம் ஆகியிருந்தது.

ஜார்ஜியாவில் வந்த புகாரை எழுதியது யார் என்று தேடினேன். வெளியார் யாருமில்லை, அந்த வீட்டின் அங்கத்தினளான ஒரு மாணவி. அந்த இரவை நான் கற்பனை செய்து பார்க்கிறேன். உள்ளே சாத்திய கதவு, பழகிய முகங்கள், தன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். எல்லாரும் ஒன்று சொல்லும்போது ஒருத்தி மட்டும், இது நியாயமில்லை என்று எழுந்து நிற்கிறாள். பிறகு காகிதத்தில் எழுதி வெளியே கொடுக்கிறாள். மாடி அறைக்குத் திரும்பிப் போகும்போது அந்த மாடிப்படி அவளுக்கு எத்தனை நீளமாக இருந்திருக்கும்! அந்த வீட்டுக்கு ஒரு கதாநாயகி உண்டென்றால் எனக்கு இவள்தான். பரணில் தொங்கிய பொய்ப் பெண் அல்ல.

1979-ல் இந்த வீட்டை நாட்டின் சரித்திரச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். சேர்த்தது சரி என்றே சொல்வேன். இடிக்கச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. நல்ல தச்சனும் நல்ல கொத்தனும் செய்த வேலை, யார் பணத்தில் நடந்தாலும், அவர்களுடையதுமாகும். ஆனால் எதைப் பாதுகாக்கிறோம் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தூணுக்கு வெள்ளையடிக்கிறோம்; மாலை உதிர்ந்தால் ஒட்டுகிறோம். இந்த வீடுகளில் பல தலைமுறையாகச் சமைத்துப் போட்ட கறுப்பினப் பெண்கள் ஏறி இறங்கிய பின்படிக்கட்டுக்குப் பட்டியலில் இடம் உண்டா? அவர்கள் அந்த வீட்டின் அடுப்பங்கரை வரை தினமும் வந்தார்கள். அவர்கள் பேத்திகள் முன்வாசலில் நுழைய எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது!

புகைப்படத்தை நண்பரிடம் திருப்பிக் கொடுக்கும்போது, வீடு எப்படி என்று கேட்டார். அழகான வீடு என்றேன். அவருக்குத் திருப்தி. நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மன்மத்தில் அந்தப் பழைய வாடகை வீட்டைச் சங்கத்தார் பிற்காலத்தில் வாங்கிச் செப்பனிட்டுக் காப்பாற்றி வருகிறார்களாம். அங்கே பிரமாதமாகப் பார்க்க ஒன்றும் இராது. மாடியில் ஓர் அறை, அவ்வளவுதான். 12 பெண்கள் கட்டிலிலும் தரையிலும் நெருங்கி உட்கார்ந்தால் சரியாக இருக்கும். இரண்டு வீட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது எனக்குக் கப்பல் சத்தம் கொடுத்துக் கேட்டால், நான் அந்த அறைக்குத்தான் போவேன்.